ழாக்-லூயி தாவீத்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிப் பேச்சு வந்தாலே குளியல் தொட்டியில் செத்துக் கிடக்கும் ஒரு மனிதரின் படம் வந்துவிடும். நெப்போலியன் என்றால் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரைப் படம். இரண்டையும் வரைந்தது ஒரே ஆள் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை, அதற்கப்புறம் கேள்விகள் வரிசையாக வரும். அப்படி என்னிடம் வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பெயர் டேவிட்டா, தாவீதா?

எழுத்து ஒன்றுதான், பிரெஞ்சுக்காரர்கள் 'தாவீத்' என்கிறார்கள். அவர் பிரெஞ்சுக்காரர், அதனால் நானும் அப்படியே எழுதுகிறேன். பிறந்தது பாரிசில், 1748 ஆகஸ்ட் 30. இறந்தது பிரஸ்ஸல்ஸில், 1825 டிசம்பர் 29. இந்த 77 வருடத்தில் மன்னராட்சி, குடியரசு, பேரரசு, திரும்பவும் மன்னராட்சி என்று பிரான்ஸ் நான்கு முறை சட்டை மாற்றியது. கடைசியாக வந்த ஆட்சி தவிர மற்ற மூன்றுக்கும் அவர் படம் வரைந்திருக்கிறார்.

'வரலாற்று ஓவியர்' என்றால் நடந்த வரலாற்றை வரைபவரா?

அப்படி மட்டும் இல்லை. அந்தக் காலத்துப் பிரான்சில் ஓவியத்துக்கு ஒரு படிநிலை இருந்தது. அரசரின் ஓவியக் கழகமான ராயல் அகாதெமியைச் சேர்ந்த ஃபெலிபியன் 1667-லேயே அதை எழுதி வைத்துவிட்டார். பழமும் பூவும் பாத்திரமும் வரைகிறவர் அடிமட்டம், அதற்கு மேலே நிலக்காட்சி, விலங்கு, அப்புறம் மனித முகம், எல்லாவற்றுக்கும் உச்சியில் பல மனிதர்கள் சேர்ந்து ஒரு கதையை நடத்திக் காட்டும் படம். கிரேக்க ரோமானியக் கதை, புராணம், பைபிள் எல்லாமே இந்த உச்சிப் படியில் அடக்கம். அதைத்தான் 'வரலாற்று ஓவியம்' என்றார்கள். அளவும் பெரிது, செலவும் பெரிது, பெரும்பாலும் அரசர்தான் வாங்குவார். ஒரு இளைஞன் "நான் வரலாற்று ஓவியன் ஆகப்போகிறேன்" என்றால் உச்சிக் கிளையில் கை வைக்கிறான் என்று பொருள்.

இளமைக் காலம் எப்படி இருந்தது?

ஒன்பது வயதில் அப்பா போய்விட்டார். நோயில்லை, வாள்சண்டையில் இறந்தார். கட்டடக் கலைஞர்களான இரண்டு மாமன்மார்தான் வளர்த்தார்கள், பையனையும் கட்டடக் கலைஞனாக்கப் பார்த்தார்கள். இவர் நோட்டுப் புத்தகம் முழுக்கப் படம் போட்டுக்கொண்டிருந்தார். அக்காலத்தில் பெரும்புகழ் பெற்றிருந்த ஓவியர் பூஷே தூரத்துச் சொந்தம். ஆனால் அவர் தானே சொல்லிக்கொடுக்காமல், பழைய கிரேக்க ரோமானிய பாணியில் நாட்டம் கொண்ட ழோசெஃப்-மரி வியன் என்பவரிடம் அனுப்பிவைத்தார். தாவீதின் பாதை அங்கேயே திரும்பிவிட்டது என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. வாள் பயிற்சியில் இடது கன்னத்தில் பட்ட வெட்டு கட்டியாக வளர்ந்து முகத்தைக் கோணலாக்கியது, பேச்சையும் குழற வைத்தது. மேடையில் அவர் பேசினால் ஆட்களுக்குப் புரியாது. இவர் படங்களில் மனிதர்கள் வாயால் பேசுவதை விடக் கையால் பேசுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கன்னம் நினைவுக்கு வரும். நிரூபிக்க முடியாத எண்ணம்தான், ஆனாலும் விலக மாட்டேன் என்கிறது.

பரிசு கிடைக்காததால் சாகப் பார்த்தாராமே, உண்மையா?

உண்மை. ரோம் பரிசு என்று ஒன்று இருந்தது. ஒரு தலைப்பு கொடுப்பார்கள், போட்டியாளர்களைத் தனித்தனி அறையில் போட்டு வாரக்கணக்கில் வரைய வைப்பார்கள், வென்றவனை அரசு செலவில் ரோமுக்கு அனுப்பிப் படிக்க வைப்பார்கள். தாவீத் 1771-ல் இரண்டாம் பரிசு வாங்கினார். 1772-ல் கிடைக்கும் என்று உறுதியாக நம்பி, கிடைக்காமல் போனதும் அறையைப் பூட்டிக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தார். இரண்டரை நாள். அகாதெமியின் மூத்த ஓவியர் ஒருவர் வந்து கதவுக்கு வெளியிலிருந்து பேசித்தான் எழுப்பியிருக்கிறார். 1773-ல் மறுபடி தோல்வி. 1774-ல்தான் வென்றார். மாற்றாந்தாய் மேல் கொண்ட காதலை வெளியே சொல்ல முடியாமல் படுத்துவிட்ட இளவரசன் அந்தியோக்கஸின் நோயை மருத்துவர் எராசிஸ்திராத்தஸ் கண்டுபிடிப்பதுதான் படத்தின் கதை.

1775-ல் ரோமுக்குப் போய் ஐந்து வருடம் இருந்தார். சிலை, கல்வெட்டு, சவப்பெட்டிச் சிற்பம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்து ஆல்பம் ஆல்பமாகச் சேர்த்தார். பிற்காலத்தில் ஒரு நாற்காலிக்கோ தலைக்கவசத்துக்கோ மாதிரி தேவைப்பட்டால் அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்வார்.

'ஹொராஷியர்களின் சபதம்' படத்தில் அப்படி என்ன இருக்கிறது?

முதலில் கதை. ரோமுக்கும் பக்கத்து ஊரான ஆல்பாவுக்கும் சண்டை. படைகள் மோதி அழிவதற்குப் பதிலாக ஒவ்வொரு பக்கமும் மூன்று சகோதரர்களை அனுப்பித் தீர்த்துக்கொள்ளலாம் என்று முடிவாகிறது. ரோமின் சார்பில் ஹொராஷியர் மூவர், ஆல்பா சார்பில் குரியாஷியர் மூவர். கொடுமை என்னவென்றால் இரண்டு குடும்பமும் சம்பந்திகள். ஹொராஷியர் வீட்டு மருமகள் குரியாஷியர் வீட்டுப் பெண், ஹொராஷியரின் தங்கை கமில்லாவுக்கோ அங்கேதான் மாப்பிள்ளை நிச்சயமாகியிருக்கிறது. யார் ஜெயித்தாலும் இந்தப் பெண்களுக்குச் சாவு வீடுதான்.

தாவீத் எடுத்துக்கொண்டது சண்டைக்கு முந்திய கணம். இப்படி ஒரு சபதக் காட்சி ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதியதில் இல்லை, இவரே உண்டாக்கியது. பின்னால் மூன்று வளைவுகள், ஒவ்வொரு வளைவுக்கும் கீழே ஒரு கூட்டம். இடது பக்கம் மூன்று மகன்கள் கை நீட்டி நிற்கிறார்கள், நடுவில் அப்பா மூன்று வாள்களைக் கொத்தாகத் தூக்கிப் பிடித்திருக்கிறார், வலது பக்கம் பெண்கள் துவண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆண்கள் பக்கம் எல்லாமே நேர்க்கோடு, பெண்கள் பக்கம் எல்லாமே வளைவு. நான் இதைப் பென்சிலில் நகல் எடுத்துப் பார்த்திருக்கிறேன். தரையின் கற்பலகைக் கோடுகளை அடிமட்டம் வைத்து நீட்டினால் அவை அப்பாவின் வாள் பிடித்த கைப் பக்கமாகப் போய்க் கூடுகின்றன. கண்ணை அங்கே இழுத்து நிறுத்திவிடுகிறார். வாள்களுக்குப் பின்னாலோ வெறும் இருட்டு, ஒரு பூவேலைகூடக் கிடையாது.

பலரும் கவனிக்காமல் போகும் ஒரு மூலை உண்டு. பெண்களுக்குப் பின்னால் நிழலில் ஒரு பாட்டியம்மா இரண்டு குழந்தைகளை அணைத்துப் பிடித்திருக்கிறார். துணியால் மூடப்பார்க்கிறார், ஆனால் அதில் ஒரு பையன் விலகி எட்டிப் பார்க்கிறான். வாள்களைத்தான் பார்க்கிறான்.

இது அரசு கேட்டு வரைந்த படம். பத்தடிக்குப் பத்தடி போதும் என்று சொல்லியிருந்தார்கள், இவர் தன் இஷ்டத்துக்குப் பெரிதாக்கி 3.3 மீட்டர் உயரம், 4.25 மீட்டர் அகலத்தில் முடித்தார். 1784-ல் இதை வரைவதற்காகவே மனைவியையும் அருமை மாணவன் ழெர்மேன் துருவேயையும் கூட்டிக்கொண்டு மறுபடி ரோமுக்குப் போனார். 1785-ல் அங்கே தன் ஸ்டூடியோவில் வைத்தபோதே கூட்டம் அலைமோதியது. அதே ஆண்டு பாரிஸ் சலோன் கண்காட்சிக்கு வந்தது, அதற்கப்புறம் பிரெஞ்சு ஓவியத்தில் பூஷே பாணியின் ரோஜா நிறமும் மேகக் கூட்டமும் திரும்பவே இல்லை.

அரசர் பணத்தில் வரைந்தவர் எப்படிப் புரட்சிக்காரர் ஆனார்?

1785-லேயே அவர் மனதில் புரட்சி இருந்தது என்று சிலர் எழுதுகிறார்கள், எனக்கு ஒப்புதல் இல்லை. அப்போது அவர் வாடிக்கையாளர்கள் எல்லாருமே மேல்தட்டு. 1787-ல் 'சாக்ரடீஸின் மரணம்' படத்தை வரையச் சொன்னது பணக்கார திரூதேன் குடும்பம். 1788-ல் வேதியியலாளர் லவுவாசியேவையும் அவர் மனைவியையும் வரைந்து 7000 லீவர் வாங்கினார். 1794-ல் லவுவாசியேயும் தலை வெட்டும் இயந்திரமான கில்லட்டினுக்குப் போனார், திரூதேன் சகோதரர்களும் போனார்கள். அப்போது அதிகாரத்தில் இருந்தவர்களில் தாவீதும் ஒருவர்.

நடுவில் 1789 வந்தது. அந்த வருடச் சலோனுக்கு அவர் கொடுத்த படம் புரூட்டஸ். ரோமில் மன்னராட்சியை ஒழித்த இந்தப் புரூட்டஸ், மன்னரைத் திரும்பக் கொண்டுவரச் சதி செய்த தன் மகன்களுக்குத் தானே மரண தண்டனை விதித்தவர். பாஸ்டில் கோட்டை விழுந்து சில வாரங்களில் இந்தப் படம் சுவரில் ஏறியது, ஜனங்கள் தங்கள் காலத்தை அதில் பார்த்தார்கள். ஓவியம் என்ன செய்யும் என்பதை அவரும் அங்கேதான் கண்டுகொண்டார் என்று எனக்குப் படுகிறது.

அவர் கையில் ரத்தம் உண்டா?

உண்டு. இதை மழுப்பி எழுதுவது சரியில்லை. 1792-ல் புரட்சியின் ஆட்சிமன்றமான தேசியக் கன்வென்ஷனுக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், 1793 ஜனவரியில் பதினாறாம் லூயிக்கு மரண தண்டனை வேண்டும் என்று வாக்களித்தார். அரச விசுவாசியான மனைவி சார்லோட் பிரிந்துபோய், 1794-ல் விவாகரத்தும் ஆனது. 1793 செப்டம்பர் முதல் போலீஸ் வேலை பார்த்த பொதுப் பாதுகாப்புக் குழுவில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான கைது ஆணைகளில் கையெழுத்துப் போட்டார். தன்னை வளர்த்த ராயல் அகாதெமியை அதே ஆண்டு ஆகஸ்டில் ஒழித்துக்கட்டியதில் முன்னால் நின்றவரும் அவரே. மாரீ அந்துவானெத்தைக் கில்லட்டினுக்கு வண்டியில் கொண்டுபோனபோது நாலே கோட்டில் ஒரு பேனாப் படம் போட்டார். கை பின்னால் கட்டி, முடி வெட்டி, உதடு இறுகி, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார் அரசி. அதில் இரக்கமும் இல்லை, பொய்யும் இல்லை.

படத்தை நேசிக்கிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள், மனிதரை வெறுக்கிறவர்கள் படத்தைப் பார்க்க மறுக்கிறார்கள். எனக்கு இரண்டுமே ஏற்பில்லை. கைது ஆணையில் கையெழுத்திட்டதும் மாராவை வரைந்ததும் ஒரே கை, ஒரே மாதங்கள்.

'மாராவின் மரணம்' ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

மாரா ஒரு பத்திரிகைக்காரர், தலைகள் உருள வேண்டும் என்று நாள்தோறும் எழுதியவர். தோல் நோய் முற்றியதால் தொட்டி நீரில் உட்கார்ந்துகொண்டுதான் எழுதுவார். 1793 ஜூலை 13 அன்று சார்லோட் கோர்தே என்ற இளம்பெண், துரோகிகளின் பெயர்களைத் தருவதாகச் சொல்லி உள்ளே வந்து நெஞ்சில் குத்திக் கொன்றார். தாவீத் முந்தின நாள்தான் மாராவை வீட்டில் போய்ப் பார்த்திருந்தார். நண்பரை வரைய வேண்டும் என்று கன்வென்ஷனிலேயே கேட்டுக்கொண்டார்கள், நவம்பர் 14 அன்று படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்.

படத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். மேல் பாதியில் ஒன்றுமே இல்லை. வெறும் பழுப்புப் பச்சைச் சுவர், அதில் மெல்லிய பிரஷ் கீறல்கள் மட்டும். வேறு எந்த ஓவியராக இருந்தாலும் அங்கே ஒரு தேவதையை இறக்கியிருப்பார், குறைந்தபட்சம் ஒரு ஜன்னலாவது வைத்திருப்பார். கீழே தொட்டி, அதன் மேல் பச்சைத் துணி மூடிய பலகை, சரிந்த தலை, தொங்கும் வலது கை. அந்தக் கையில் இறகுப் பேனா இன்னும் நழுவாமல் இருக்கிறது. கத்தி தரையில். இடது கையில் கோர்தேயின் கடிதம், நாம் வாசிக்கும்படி திருப்பி வைத்திருக்கிறார். நான் மிகவும் துயரத்தில் இருக்கிறேன், உங்கள் அன்பைப் பெற அதுவே போதும் என்ற பொருளில் எழுதியிருக்கிறது. பக்கத்தில் ஒரு மரப்பெட்டி, ஆணி அடித்த தடமும் மரத்தின் முடிச்சும் தெரிகிற சாதாரணப் பெட்டி. அதன் மேல் மைக்கூடு, இன்னொரு பேனா, ஒரு பணத்தாள், ஒரு சீட்டு. நாட்டுக்காகப் போரில் இறந்தவரின் மனைவி, ஐந்து பிள்ளைகளின் தாய், அவளுக்கு இந்தப் பணத்தைக் கொடுங்கள் என்று சீட்டு சொல்கிறது. பெட்டியின் முகத்தில் 'மாராவுக்கு, தாவீத்' என்று கல்லறை எழுத்துப் போல எழுதி, கீழே 'இரண்டாம் ஆண்டு' என்று புரட்சி நாட்காட்டியின் கணக்கையும் போட்டிருக்கிறார்.

தோல் நோயின் சுவடே உடம்பில் இல்லை. கொலை செய்தவளும் படத்தில் இல்லை. தொங்கும் கையைப் பார்த்தால் சிலுவையிலிருந்து இறக்கிய ஏசுவின் கை. தேவாலயங்களை மூடிக்கொண்டிருந்த ஒரு ஆட்சிக்குத் தாவீத் ஒரு புனிதரைச் செய்து கொடுத்தார். பிரச்சாரம் என்று தெரிந்துகொண்டேதான் பார்க்கிறேன், ஆனாலும் அந்த வெற்றுச் சுவரின் முன்னால் மனது அடங்கிவிடுகிறது. அவர் படங்களில் எனக்கு மிகப் பெரியது இதுதான்.

'டென்னிஸ் மைதானச் சபதம்' ஏன் முடியவில்லை?

1789 ஜூன் 20 அன்று வெர்சாயில் மக்கள் பிரதிநிதிகள் ஒரு பந்தாட்டக் கூடத்தில் கூடி, அரசியல் சாசனம் எழுதாமல் கலைய மாட்டோம் என்று உறுதி எடுத்தார்கள். 1791-ல் அதன் விரிவான வரைபடத்தைத் தாவீத் காட்சிக்கு வைத்தார். அதைப் பெரிய கேன்வாஸில் ஏற்றுவதற்குப் பணம் திரட்டப் பார்த்தார்கள், போதுமான அளவு சேரவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், படத்தில் இருந்த வீரர்கள் ஒவ்வொருவராகத் துரோகி ஆகிக்கொண்டே வந்தார்கள். அரசரோடு ரகசியத் தொடர்பு வைத்திருந்தது தெரிந்து, செத்துப்போன மிராபோவின் பெயர் கெட்டது. பர்னாவ் கில்லட்டினுக்குப் போனார். நடுவில் மேசை மேல் நின்று உறுதிமொழி வாசிக்கும் பாயியும் 1793 நவம்பரில் போனார். அரைகுறை கேன்வாஸ் இப்போது வெர்சாயில் இருக்கிறது. ஒரு சில முகங்கள் மட்டும் வண்ணத்தில் முழுதாக முடிந்து, கீழே உடம்பெல்லாம் அம்மணமாகக் கோட்டில் நிற்கிறது.

அம்மணமாக ஏன்?

அதுதான் அவர் வேலை செய்யும் முறை. முதலில் எலும்பும் தசையும் சரியாக விழும்படி உடையில்லாத உடம்பை வரைவார், அப்புறம்தான் துணி போடுவார். துணி மடிப்புக்குத் தனியாக ஆய்வு வரைபடம் உண்டு. பிறகு கட்டம் போட்டுக் கேன்வாஸில் பெரிதாக்குவார். கித்தான் நெசவு தெரிகிற அளவுக்கு மெலிதாகப் பின்னணியைத் தேய்ப்பது அவர் கையெழுத்து மாதிரி.

ரொபெஸ்பியர் விழுந்தபோது எப்படித் தப்பினார்?

விழுவதற்கு முந்தின நாள், நீ விஷம் குடித்தால் நானும் உன்னோடு குடிப்பேன் என்ற பொருளில், அப்போது புரட்சி ஆட்சியின் தலையாக இருந்த ரொபெஸ்பியரிடம் உரக்கச் சொன்னவர், மறுநாள் உடம்பு சரியில்லை என்று சபைக்கே வரவில்லை. அதனால் தலை தப்பியது. 1794 ஆகஸ்ட் 2-ல் கைது. சிறையில் கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தை வரைந்தார், அந்தச் சுயஉருவம் பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 46 வயது ஆள் இளைஞனைப் போல, கலைந்த தலையோடு, பிரஷைப் பிடித்துக்கொண்டு பயந்து பார்க்கிறார். டிசம்பரில் விட்டார்கள், 1795-ல் மறுபடி சில மாதம் பிடித்து வைத்தார்கள். இந்தக் காலத்தில் சிறைக்கு வந்து பார்த்தவர்களில் விவாகரத்து செய்த மனைவியும் ஒருவர். 1796-ல் இருவரும் திரும்பவும் திருமணம் செய்துகொண்டார்கள்.

'சபீனப் பெண்கள்' படம் இதிலிருந்து வந்தது என்பார்கள், நானும் நம்புகிறேன். புருஷன்மாரான ரோமானியர் ஒரு பக்கம், அப்பன்மாரான சபீனர் இன்னொரு பக்கம், நடுவில் பெண்கள் கைக்குழந்தைகளைத் தரையில் போட்டுச் சண்டையை மறிக்கிறார்கள். 1784-ல் ஹொராஷியர் படத்தின் மூலையில் உட்கார்ந்து அழுத பெண்கள் 1799-ல் கேன்வாஸின் நடுவுக்கு வந்துவிட்டார்கள். இந்தப் படத்தை லூவரின் ஒரு கூடத்தில் தனியாக வைத்து ஆளுக்கு 1 பிராங்க் 80 சாந்தீம் கட்டணம் வாங்கினார். படம் பார்க்கக் காசா என்று பாரிசில் முணுமுணுத்தார்கள், ஆனாலும் 1805 வரை கூட்டம் வந்தது.

பிறகு நெப்போலியனிடம் போய்ச் சேர்ந்தாரே, சந்தர்ப்பவாதியா?

பிழைக்கத் தெரிந்தவர் என்பதை மறுக்க முடியாது. ஆனால் பணத்துக்காக மட்டும் போனார் என்று நான் நினைக்கவில்லை. வரலாற்றை நடத்தும் ஆட்களின் மேல் அவருக்கு ஒரு தீராத மயக்கம் இருந்தது. ரொபெஸ்பியரிடம் ஏமாந்த பிறகும் அது போகவில்லை.

ஆல்ப்ஸைக் கடக்கும் படத்துக்கு நெப்போலியன் உட்கார மறுத்துவிட்டார். மரெங்கோ போரில் அணிந்த சீருடையை மட்டும் கொடுத்தனுப்பினார், தாவீத் தன் மகனை ஏணியில் ஏற்றி நிற்கவைத்து வரைந்தார். உண்மையில் நெப்போலியன் அந்த மலையைக் கடந்தது கோவேறு கழுதை மேல். கீழே பாறையில் போனபார்ட், ஹன்னிபால், ஷார்லமேன் என்று மூன்று பெயர்கள். மொத்தம் ஐந்து பிரதிகள் உண்டு.

1804 டிசம்பர் 2-ல் நடந்த முடிசூட்டு விழாவின் படம் 6.2 மீட்டர் உயரம், 9.8 மீட்டர் அகலம். நெப்போலியன் தானே தன் தலையில் முடி சூட்டிக்கொள்வதாகத்தான் முதலில் திட்டம், பிறகு மனைவி ஜோசஃபினுக்கு அவர் சூட்டுவதாக மாற்றினார். விழாவுக்கே வராத நெப்போலியனின் அம்மா படத்தில் நடுநாயகமாக உட்கார்ந்திருக்கிறார். அது ஆட்சியாளரின் விருப்பம். எனக்கு அந்தப் படத்தில் பிடித்தது வேறு. வெல்வெட்டும் சரிகையுமாக நிற்கும் கூட்டத்துக்கு நடுவே போப் ஏழாம் பயஸின் களைத்த முகம், அதில் மட்டும் தாவீத் யாருக்கும் கட்டுப்படவில்லை.

அவர் மாணவர்கள் யார் யார்?

ஜிரோதே, ஜெரார், குரோ, ஆங்கர், இன்னும் நூற்றுக்கணக்கில். ஐரோப்பா முழுவதிலிருந்தும் வந்தார்கள். பெரியம்மையில் 1788-ல் ரோமில் இறந்துபோன துருவே உயிரோடு இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று எனக்கு ஏக்கம் உண்டு. பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தார், அதற்காக 1787-ல் லூவர் நிர்வாகத்தோடு மோதவும் வேண்டியிருந்தது. அந்தப் பெண்களில் ஒருவர் மரி-கிய்மின் பெனுவா. கறுப்பினப் பெண் ஒருவரை அவர் 1800-ல் வரைந்த உருவப்படம் இன்று லூவரில் இருக்கிறது.

குரோவின் கதை வருத்தமானது. நாடு கடத்தப்பட்டபோது தாவீத் தன் பள்ளியை அவரிடம்தான் ஒப்படைத்தார், சமகாலப் போர்க்காட்சிகளை விட்டுவிட்டுப் பழைய ரோமானியக் கதைகளை வரை என்று பிரஸ்ஸல்ஸிலிருந்து விடாமல் எழுதினார். குரோவுக்கு அது கைவரவில்லை, ஊர் கேலி செய்தது. 1835-ல் ஆற்றில் விழுந்து உயிரை விட்டார். மாணவனுக்கு எது இயல்போ அதைக் குருவால் பார்க்க முடியாமல் போனதை நினைத்தால் மனது கஷ்டப்படுகிறது.

கடைசிக் காலம்?

நெப்போலியன் வீழ்ந்ததும் மன்னரின் சாவுக்கு வாக்களித்தவர்களை 1816-ல் நாட்டை விட்டு வெளியேற்றினார்கள். தாவீத் பிரஸ்ஸல்ஸ் போனார். பிரஷ்ய அரசர் கூப்பிட்டும் போகவில்லை. மன்னிப்புக் கேட்டு எழுதவும் இல்லை. முகப்படங்களும் காதல் புராணங்களும் வரைந்தார், 1824-ல் 'வீனஸ் நிராயுதபாணியாக்கிய மார்ஸ்' என்ற கடைசிப் பெரிய படத்தை முடித்தார். அதே ஆண்டு நாடகக் கொட்டகையிலிருந்து திரும்பும்போது வண்டி மோதியது, அதற்குப் பின் உடம்பு தேறவில்லை. உடலைப் பிரான்சுக்குள் கொண்டுவர அரசு அனுமதிக்கவில்லை. உடல் பிரஸ்ஸல்ஸில், இதயம் பாரிசின் பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில்.

எந்தப் படத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

ஹொராஷியர், சபீனப் பெண்கள், முடிசூட்டு விழா, புரூட்டஸ் எல்லாம் லூவரில். சாக்ரடீஸும் லவுவாசியே தம்பதியும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில். மாராவும் மார்ஸும் பிரஸ்ஸல்ஸ் அரச நுண்கலை அருங்காட்சியகத்தில். நேரில் போக முடியாதவர்கள் அருங்காட்சியகங்களின் இணையதளத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம், நானும் பெரும்பாலும் அப்படித்தான் பார்க்கிறேன்.

என்னைக் கேட்டால் புரூட்டஸிலிருந்து தொடங்குங்கள். மகன்களின் பிணங்களைத் தூக்கி வருகிறார்கள். அப்பா நிழலில் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருக்கிறார், கால் விரல்கள் ஒன்றோடொன்று இறுகியிருக்கின்றன. அந்தப் பக்கம் அம்மா எழுந்து கை நீட்டுகிறாள், ஒரு மகள் மயங்கிச் சாய்கிறாள். இரண்டு பக்கத்துக்கும் நடுவே மேசை விரிப்பின் மேல் ஒரு தையல் கூடை, பாதி வேலையில் விட்ட துணி, ஒரு கத்தரிக்கோல். வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் அந்தக் கூடையை வைத்திருக்கிறார்.